ஃபார்மட் செய்வதற்கு முன் பதிவேட்டைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பில் வந்த கணினிக் கேள்வி பதில் பகுதியைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஒரு வாசகி கேட்டிருந்தார்: அவருடைய உபுண்டு (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) கணினியில் கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைந்ததும் தானாக எழ வேண்டிய தமிழ்த் தட்டச்சு நிரல் சில வாரங்களாக எழுவதில்லை; கையால் தொடங்கினால் நன்றாக ஓடுகிறது; என்ன செய்யலாம்? பதில் மூன்றே வரி. கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மறுபடி நிறுவிவிடுங்கள் என்று முடித்துவிட்டார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்கள். இங்கே எலி இருக்கிறதா என்றுகூட யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நான் கணினி படித்தவன் இல்லை. ரயில்வே சிக்னல் பிரிவில் 34 ஆண்டுகள் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போத்தனூரில் குடியிருக்கிறேன். மருமகன் தன் பழைய கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். அதில் தமிழ்99 விசைப்பலகையில் என் தகப்பனாரின் நாட்குறிப்புகளைத் தட்டச்சு செய்துவருகிறேன். 41 நோட்டுகளில் 17 முடிந்திருக்கின்றன. இவ்வளவுதான் எனக்கும் கணினிக்கும் உள்ள உறவு. ஆனால் 'கையால் தொடங்கினால் ஓடுகிறது, தானாக எழுவதில்லை' என்ற வாக்கியத்தைப் படித்ததும் எனக்குப் பழைய வேலை நினைவுக்கு வந்துவிட்டது. எங்கள் துறையில் இதைவிட நல்ல துப்பு கிடையாது. மோட்டார் நன்றாக இருக்கிறது, பாயிண்ட் (ரயிலைத் தடம் மாற்றும் அமைப்பு) கையால் சுற்றினால் நகர்கிறது, ஆனால் பேனலிலிருந்து பட்டனை அழுத்தினால் நகரவில்லை என்றால் மோட்டாரை மாற்றுபவனை நாங்கள் சிக்னல்காரன் என்றே சொல்லமாட்டோம். கோளாறு நடுவில் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். ரிலே என்னும் மின் சுவிட்சுகள் உள்ள அறைக்குப் போய் எந்த ரிலே தூக்கவில்லை என்று பார்க்க வேண்டும்.

கணினியிலும் அப்படி ஓர் அறை இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் பகுதி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன்.

இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் எது எப்போது எழ வேண்டும் என்று பார்த்துக்கொள்வது சிஸ்டம்டி என்ற மேலாளர் நிரல். 2010இல் லெனார்ட் போட்டரிங், கே சீவர்ஸ் என்ற இருவர் தொடங்கியது. டெபியன் 2015இல் தன் 8ஆம் பதிப்பில் இதற்கு மாறியது. பிடிக்காதவர்கள் பிரிந்துபோய் தேவுவான் என்று தனிக்குடித்தனமே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பங்காளிச் சண்டையில் எனக்குப் பங்கில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: இந்த மேலாளர் ஒரே ஆள் இல்லை. கணினி எழும்போது எழுபவர் ஒருவர். அவர் நிலையம் முழுமைக்கும் பொது. நீங்கள் கடவுச்சொல் கொடுத்து நுழையும்போது உங்களுக்கென்று இன்னொருவர் எழுகிறார். உங்கள் பெயரில் மட்டும் வேலை பார்ப்பவர் அவர். ஷிப்டுக்கு வந்த ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்துப் போட்டு சார்ஜ் எடுப்பதுபோல. 'ரன்' கோப்புறைக்குள் 'யூசர்' என்ற இடத்தில், உங்கள் கணக்கு எண்ணில் (வழக்கமாக முதல் ஆளுக்கு 1000) ஒரு தற்காலிக அறை திறக்கப்படும். நீங்கள் வெளியேறியதும் அந்த அறை மூடப்படும், அந்த மேலாளரும் கிளம்பிவிடுவார். லாகின் செய்ததும் எழ வேண்டிய சேவைகள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) எல்லாம் இந்த இரண்டாமவரின் பொறுப்பு.

எது எழுந்தது, எது விழுந்தது என்று கணினி தானே எழுதிவைக்கும் பதிவேடும் ஆளுக்கு ஆள் தனி. பொது மேலாளரிடம் போய் "என் தட்டச்சு நிரல் ஏன் எழவில்லை" என்று கேட்டால் அப்படி ஒன்று என்னிடம் இல்லையே என்பார். பலர் இங்கேதான் வழி தவறுகிறார்கள்.

கட்டளைகளின் ஒலியை மட்டும் தமிழில் எழுதுகிறேன். டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். 'சிஸ்டம்சிடிஎல்' என்று எழுதி, இடம் விட்டு, இரண்டு சிறு கோடு போட்டு ஒட்டினாற்போல் 'யூசர்', பிறகு இடம் விட்டு இரண்டு கோடு போட்டு 'ஃபெயில்டு'. உங்கள் பெயரில் எழ முயன்று விழுந்தவை எல்லாம் வரிசையாக வரும். அதே கட்டளையில் 'ஃபெயில்டு'க்குப் பதிலாகக் கோடு இல்லாமல் 'ஸ்டேட்டஸ்' என்று போட்டு சேவையின் பெயரையும் கொடுத்தால் அதன் நிலை தெரியும். மூன்றாவது, 'ஜர்னல்சிடிஎல்', இரண்டு கோட்டுடன் 'யூசர்', ஒரு கோட்டுடன் 'பி', ஒரு கோட்டுடன் 'யு', அதன்பின் சேவையின் பெயர். இந்த முறை கணினி எழுந்ததிலிருந்து அந்தச் சேவைக்கு நடந்தது முழுவதும் நேரத்தோடு வரும். எங்கள் ஃபெயிலியர் ரிஜிஸ்டரைவிட ஒழுங்காக இருக்கிறது. அதில் பாதி நேரம் கையெழுத்தே புரியாது.

இவற்றில் எதற்கும் முன்னால் 'சூடோ' போடக்கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். சூடோ போட்டால் நீங்கள் அந்த நிமிடம் கணினியின் தலைமை நிர்வாகி ஆகிவிடுகிறீர்கள். அவருக்கு உங்கள் அறையின் கதவு எண் தெரியாது. இணைப்பு கிடைக்கவில்லை என்று ஒரு பிழை வரும். அது வேறொரு கோளாறு என்று நினைத்துக்கொண்டு அதன் பின்னால் ஓடுவீர்கள். இதைவிட மோசம், சூடோ போட்டு உங்கள் வீட்டுக் கோப்புறையில் கோப்புகளை உருவாக்கினால் அவை நிர்வாகியின் சொத்தாகிவிடும். பிறகு உங்கள் சொந்த நிரலே அதைத் தொட முடியாமல் நிற்கும். என் தெருவில் ஒரு கணினியில் இப்படித்தான் ஆயிற்று. பழுது பார்க்கும் கடைப் பையன் வந்து ஒவ்வொரு கட்டளைக்கும் சூடோ போட்டான். ஒரு கோளாறோடு இருந்த கணினி மூன்று கோளாறோடு நின்றது. கடைக்கு எடுத்துப் போய் ஃபார்மட் செய்து 800 ரூபாய் வாங்கினார்கள். அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாண ஆல்பத்துக்கு வைத்திருந்த மூலப் படங்கள் போயே போய்விட்டன. கடையின் பெயர் வேண்டாம். பையன் நல்ல பையன்; அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அப்படி.

என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். நான் லாகின் செய்தவுடன் நாட்குறிப்புக் கோப்புகள் எல்லாம் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்குக்கு ஒரு நகல் போக வேண்டும் என்று சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் பட்டியல்) எழுதி, அதை எழுப்ப ஒரு சேவைக் கோப்பும் வைத்திருந்தேன். இணையத்தில் பார்த்து எழுதியதுதான். மூன்று மாதம் கழித்துத் தற்செயலாக டிஸ்கைத் திறந்தால் ஒரு நகல்கூட இல்லை. மூன்று மாதமாக நகல் இருக்கிறது என்ற தைரியத்தில் தூங்கியிருக்கிறேன். உடனே நான் செய்தது என்ன? கேபிள் பழுது என்று முடிவு கட்டி 350 ரூபாய்க்குப் புதுக் கேபிள் வாங்கி வந்தேன். 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன் செய்கிற காரியமா இது! வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரிக்கும்போதுதான் வெட்கம் வந்தது. பிரிக்காமல் வைத்துவிட்டு ஸ்டேட்டஸ் கேட்டேன்.

முதல் பதில்: 'இனாக்டிவ்', அடைப்புக்குள் 'டெட்'. செத்துப்போயிற்று என்று பதற வேண்டாம். விழுந்திருந்தால் 'ஃபெயில்டு' என்று இருக்கும். 'டெட்' என்றால் ஓடவில்லை, அவ்வளவுதான். பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. அதாவது சேவை தோற்கவே இல்லை, அதை யாரும் கூப்பிடவே இல்லை. ஏன்? சேவைக் கோப்பின் கடைசிப் பகுதியில் யார் அழைக்கும்போது எழ வேண்டும் என்று ஒரு வரி எழுத வேண்டும். அதில் நான் 'மல்டி-யூசர் டார்கெட்' (சேவைகளைக் கூட்டமாக எழுப்பும் ஓர் இலக்கு) என்று எழுதியிருந்தேன். இணையத்தில் காணும் உதாரணங்கள் பெரும்பாலும் பொது மேலாளருக்கு எழுதப்பட்டவை. அங்கே அது சரி. நம் தனி மேலாளரிடம் அந்தப் பெயரில் ஓர் இலக்கே கிடையாது. தானாக எழச் சொல்லும் 'எனேபிள்' கட்டளையை நான் கொடுத்தபோது அது சொன்னபடி இணைப்பைப் போட்டு வைத்துவிட்டது. வராத ரயிலுக்குக் கொடி பிடித்துக்கொண்டு நின்றமாதிரி என் சேவை மூன்று மாதம் நின்றிருக்கிறது. அந்த வரியை 'டிஃபால்ட் டார்கெட்' என்று மாற்றினேன். சேவைக் கோப்பைத் திருத்தியபின் 'டீமன்-ரீலோட்' என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மேலாளர் பழைய கோப்பையே மனதில் வைத்திருப்பார். அழைக்கும் வரியை மாற்றினால் 'எனேபிள்' கட்டளையையும் மறுபடி கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் மறந்து ஒரு மாலையை வீணாக்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த லாகினில் சேவை கூப்பிடப்பட்டது, விழுந்தது. எனக்கு உண்மையில் சந்தோஷம். விழுந்தால்தான் பதிவேட்டில் ஏதாவது எழுதும். '203' என்ற எண்ணும் 'எக்ஸெக்' என்ற சொல்லும் வந்தன. நிரலை ஓட்டத் தொடங்கவே முடியவில்லை என்பதற்கான எண் அது: கோப்பு சொன்ன இடத்தில் இல்லை, அல்லது ஓட்டுவதற்கு அனுமதி இல்லை, அல்லது எந்த மொழிபெயர்ப்பியைக் கொண்டு ஓட்ட வேண்டும் என்ற முதல் வரி கோப்பில் இல்லை. என்னுடையது இரண்டாவது. டெர்மினலில் நான் எப்போதும் 'பாஷ்' (கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) என்று முன்னால் போட்டு ஸ்கிரிப்டின் பெயரைக் கொடுத்து ஓட்டுவேன். அப்போது ஓடுவது பாஷ். அது ஸ்கிரிப்டைப் படித்தால் போதும். மேலாளர் ஸ்கிரிப்டையே நேரடியாக ஓட்டப் பார்க்கிறார். அதற்கு ஓட்டும் அனுமதி வேண்டும். கையால் ஓட்டினால் ஓடுகிறது, தானாக ஓடவில்லை என்பதன் பாதி ரகசியம் இப்படிப்பட்ட வித்தியாசங்களில்தான் இருக்கிறது. கையால் ஓட்டும்போது உங்கள் டெர்மினல் உங்கள் 'பாஷ்ஆர்சி' கோப்பைப் படித்து, நிரல்கள் இருக்கும் பாதைகளையும் மாறிகளையும் (நிரல்களுக்குத் தேவைப்படும் அமைப்பு விவரங்கள்) தயாராக வைத்திருக்கிறது. மேலாளர் அந்தக் கோப்பைத் திறந்தும் பார்ப்பதில்லை. அவருக்கு முழுப் பாதையையும் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அனுமதி கொடுத்தபின் லாகின் செய்தேன். மறுபடி விழுந்தது. பதிவேட்டின் கடைசி வரி: தொடங்கும் கோரிக்கை மிக வேகமாகத் திரும்பத் திரும்ப வந்ததால் மறுக்கப்படுகிறது. யாராக இருந்தாலும் இந்த வரியைப் பார்த்து, மேலாளருக்கே ஏதோ ஆகிவிட்டது, ஃபார்மட் செய் என்றுதான் சொல்வார்கள். ஆனால் இது காரணம் இல்லை, விளைவு. விழுந்தால் மறுபடி எழுப்பு என்று நான்தான் கோப்பில் எழுதியிருந்தேன். எழுப்புவதற்கு இடைவெளி சொல்லாவிட்டால் அவர் 100 மில்லிசெகண்டில் எழுப்புவார். 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் எழுப்ப வேண்டி வந்தால் கையை உதறிவிடுவார். ஃப்யூஸ் போகப் போக மாற்றிக்கொண்டே இருந்த உதவியாளன் கடைசியில் ஃப்யூஸ் தீர்ந்துபோயிற்று என்று வந்து நிற்பதுபோல. தீர்ந்துபோன ஃப்யூஸா கோளாறு?

பதிவேட்டை மேல்நோக்கிப் படிக்க வேண்டும். ஐந்து தோல்விக்கும் மேலே, முதல் தோல்விக்குச் சற்று முன்னால், ஸ்கிரிப்டே தன் வாயால் சொல்லியிருந்தது: டிஸ்கின் கோப்புறைக்குள் நுழைய முடியவில்லை, அப்படி ஒன்று இல்லை. நேரம் காலை 6:12:07. பிறகு பொதுப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். ஹார்ட் டிஸ்க் ஏற்றப்பட்டது (அதாவது அதன் கோப்புறை திறந்தது) 6:12:11. மேசைத்திரை முழுதாக வந்தபின்தான் அது செருகியிருக்கும் டிஸ்கைக் கண்டுபிடித்து ஏற்றுகிறது. என் சேவை நான்கு விநாடி முன்னதாக ஓடிப்போய்க் கதவைத் தட்டி, ஐந்து முறை முட்டி, தலையில் கட்டோடு படுத்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து நான் கையால் ஓட்டும்போது டிஸ்க் அங்கே இருக்கும், ஓடத்தானே செய்யும்!

பாயிண்ட் செட் ஆகிப் பூட்டி, பூட்டியது உறுதியானபின்தான் சிக்னல் வழி விட வேண்டும் என்பது எங்களுக்கு வேதம். தண்டவாளத்துக்கும் பாயிண்ட் நாக்குக்கும் இடையில் 5 மில்லிமீட்டர் தகடு வைத்துச் சோதிப்போம். அந்த இடைவெளியில்கூட பாயிண்ட் பூட்டக்கூடாது, சிக்னல் பச்சை காட்டக்கூடாது. வாளையாறு பக்கம் மழைக்காலத்தில் ஜல்லி ஊறி, தடத்தில் ரயில் இருக்கிறதா என்று அறியும் டிராக் சர்க்யூட் படுத்துவிடும். ரயிலே இல்லாமல் சிவப்பு நிற்கும். பயணிகள் திட்டுவார்கள். ஆனால் அது ஆபத்தில்லாத, சரியான திசையில் விழுந்த கோளாறு. என் நகல் சேவை அந்த ஒழுக்கத்தில் பிறந்ததில்லை. அதற்கு வரிசையை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். எந்த டிஸ்க் எங்கே ஏற வேண்டும் என்று சொல்லும் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் ஒரு வரி சேர்த்து, கணினி எழும்போதே டிஸ்க் ஏறும்படி செய்தேன். டிஸ்க் செருகாத நாளில் கணினி எழாமல் முரண்டு பிடிக்கக்கூடாது என்பதற்கு 'நோஃபெயில்' என்ற சொல்லையும் சேர்த்தேன். 'ரீசெட்-ஃபெயில்டு' கொடுத்துப் பழைய தோல்விக் கணக்கைத் தீர்த்தேன். அன்றிலிருந்து இன்று காலை வரை நகல் தவறவில்லை. வாரம் ஒரு முறை டிஸ்கைத் திறந்தும் பார்க்கிறேன்.

இப்போது உங்கள் பகுதி சொன்ன மறுநிறுவலுக்கு வருகிறேன். என் கணினியில் அதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தனிச் சேவைக் கோப்புகள் இருப்பது என் வீட்டுக் கோப்புறைக்குள், 'கான்ஃபிக்' என்ற மறைந்த கோப்புறையின் உள்ளே. வீட்டுக் கோப்புறையை அப்படியே வைத்துக்கொண்டு மறுநிறுவினால், அந்தக் கோளாறான கோப்பும் அப்படியே இருக்கும். புது வீட்டில் பழைய எலி. வீட்டுக் கோப்புறையையும் அழித்தால் கோளாறு போகும், கூடவே பென் டிரைவில் எடுக்க மறந்தது எல்லாம் போகும். மூன்று மாதமாக நகலே எடுக்கப்படாத ஒரு மனிதனுக்கு இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் கோளாறா, என் கோப்புறையில் கோளாறா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து அதில் நுழைந்து பாருங்கள். அந்தக் கணக்கில் எல்லாம் ஒழுங்காக எழுந்தால் இயங்குதளத்தின் மேல் பழி இல்லை. உங்கள் கோப்புறையில்தான் தேட வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும். வீட்டுக் கோப்புறை இருக்கும் டிஸ்கில் இடம் நிரம்பிவிட்டதா என்றும் அப்படியே பார்த்துவிடுவது நல்லது. அது நிரம்பினால் நுழைவதே தடுமாறும். விண்டோஸ்காரர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. அங்கும் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒரு பதிவேடு இருக்கிறது, திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு.

கேள்வி கேட்ட வாசகிக்கு என்னால் முடிந்த ஊகம் ஒன்று. தட்டச்சு நிரல் திரையோடு பேச வேண்டியது. என் டிஸ்க் கதையைப் போலவே, திரை தயாராவதற்கு முன் அதை எழுப்பிவிட்டால், திரையைத் திறக்க முடியவில்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு விழுந்துவிடும். திரை எது என்று சொல்லும் 'டிஸ்ப்ளே', 'வேலண்ட் டிஸ்ப்ளே' என்ற மாறிகள் அந்த நேரத்தில் மேலாளரிடம் வந்து சேர்ந்திருக்காது. அப்படி இருந்தால் 'டிஃபால்ட் டார்கெட்' என்பதற்குப் பதிலாக 'கிராஃபிக்கல்-செஷன் டார்கெட்' என்று போட்டு, அதற்குப் 'பின்' எழ வேண்டும் என்ற வரியையும் சேர்க்க வேண்டும். ஆனால் இது ஊகம். பதிவேட்டைப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னால் உங்கள் பகுதிக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அந்தப் பகுதியில் கேள்வி அனுப்புபவர்களிடம், மேலே சொன்ன மூன்று கட்டளைகளின் விடையையும் சேர்த்து அனுப்பச் சொல்லி ஒரு வரி போடுங்கள். பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் வருகின்றன என்று பலர் பயந்து பார்ப்பதில்லை. வாரம் ஒரு செய்தியை எடுத்து, அது என்ன சொல்கிறது என்று தமிழில் அச்சிட்டால் ஓர் ஆண்டில் 52 ஆகும். 203இலிருந்து தொடங்கலாம்.

அந்த வாசகி இதற்குள் கணினியை அழித்துவிடாமல் இருந்தால், அவருடைய பதிவேட்டில் முதல் தோல்விக்கு மேலே உள்ள பத்து வரிகளை மட்டும் உங்களுக்கு அனுப்பட்டும். நீங்கள் அச்சிட்டால் மறு தபாலில் பதில் எழுதுகிறேன். கேபிள் வேண்டும் என்றாலும் சொல்லட்டும். என்னுடையது இன்னும் பிரிக்காமல்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிக்னல் பராமரிப்பாளர்,
போத்தனூர், கோவை.